வீட்டுக்குள் பூனையைப் படம் எடுக்க ஃபிளாஷைச் சுவர்ப் பக்கம் திருப்புங்கள்

பூனை பகலின் பெரும்பகுதியைத் தூங்கிக் கழித்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில்தான் சுறுசுறுப்பாகிறது. ஒரே ஒரு டியூப்லைட் எரியும் கூடத்தில் எஃப்/4 அபெர்ச்சரும் (லென்ஸின் திறப்பு; எண் கூடினால் திறப்பு சிறிதாகும்) 1/200 வினாடி ஷட்டர் வேகமும் வைத்துப் படம் எடுக்க நினைத்தால், ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்வு அளவை ஏறக்குறைய 6400 வரை ஏற்ற வேண்டியிருக்கும். அப்போது தொடக்க நிலைக் கேமராக்களில் ரோமம் தனித்தனி இழையாகத் தெரியாமல், மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஷட்டர் வேகத்தைக் குறைத்தாலோ, சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டுப் பூனை காதைத் திருப்புவதுகூடப் படத்தில் கலங்கலாகப் பதிந்துவிடும். கேமராவிலேயே உள்ள சிறு ஃபிளாஷை எழுப்பினால், எரிகிற இரண்டு பச்சைக் கண்களும் பின்சுவரில் அப்பிய கரிய நிழலும் மட்டுமே மிஞ்சும்.

வெளி ஃபிளாஷ் வாங்கியதும் பலரும் அதைக் கேமராவின் தலையில் மாட்டி, நேராகப் பூனையின் முகத்தை நோக்கி அடித்துப் பார்த்துவிட்டு, படம் முன்னைவிட மோசமாகிவிட்டதே என்று வருந்துகிறார்கள். நானும் முதல் இரண்டு மாதங்கள் அப்படித்தான் செய்தேன். எங்கள் வீட்டுக் கறுப்புப் பூனை கரிச்சான் அந்தப் படங்களில் கண் மட்டும் உள்ள ஒரு நிழலாக இருக்கும். வெளி ஃபிளாஷுக்குப் பணம் கொடுப்பது அதன் தலை திரும்பும் என்பதற்காகத்தான். அந்தத் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பி, சுவரையே ஒரு பெரிய சன்னலாக மாற்றிக்கொள்வது எப்படி என்பதையே இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

எந்த ஃபிளாஷை வாங்குவது

ஃபிளாஷின் தலை மேலே நிமிர்வதோடு, இடமும் வலமும் சுழல வேண்டும். மலிவான சில மாதிரிகள் நிமிர மட்டுமே செய்யும். அவை நம் வேலைக்குப் போதாது.

அடுத்தது, டிடிஎல் உள்ளதா, மேனுவல் மட்டுமா என்ற கேள்வி. டிடிஎல் முறையில், படம் பதிவாவதற்குச் சற்று முன் ஃபிளாஷ் ஒரு சிறு முன்னொளியை வெளியிடுகிறது; அது பூனைமேல் பட்டுத் திரும்பி வருவதைக் கேமரா அளந்து, எவ்வளவு ஒளி வேண்டும் என்று முடிவு செய்கிறது. வசதியான ஏற்பாடுதான். ஆனால் சில பூனைகள் அந்த முன்னொளிக்கே கண்ணைச் சிமிட்டத் தொடங்கிவிடும். எடுத்த இருபது படங்களில் பன்னிரண்டில் கண் பாதி மூடியிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். மேனுவல் முறையில், அதாவது ஒளியின் அளவை நாமே வைக்கும்போது, முன்னொளி கிடையாது. ஒளியின் அளவும் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் மாறாது. ஆகையால் டிடிஎல் உள்ள ஃபிளாஷை வாங்கினாலும், அதை மேனுவலில் வைத்தே கற்றுக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து.

டிடிஎல் தொடர்பு கேனான், நிக்கான், சோனி என்று நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உங்கள் கேமராவுக்கு உரிய வகையைப் பார்த்து வாங்க வேண்டும். கோடாக்ஸ் டிடி600 போன்ற மேனுவல் ஃபிளாஷ்கள் ஹாட் ஷூவின் (கேமராவின் தலையில் ஃபிளாஷ் மாட்டும் இடம்) நடுவில் உள்ள ஒற்றைத் தொடர்பை மட்டும் நம்பி இயங்குவதால் பல கேமராக்களுக்குப் பொருந்தும். சோனிக்கு மட்டும் டிடி600எஸ் என்று தனியாக ஒன்று உண்டு. இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை: புதியவர்கள் அதிகம் வாங்கும் கேனான் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 ஆகிய கேமராக்களின் ஹாட் ஷூவில் அந்த நடுத்தொடர்பே கிடையாது. அவற்றில் மேனுவல் மட்டுமுள்ள ஃபிளாஷ் மாட்டிக்கொள்ளும், ஆனால் எரியாது. கேனானுக்கென்று செய்யப்பட்ட டிடிஎல் ஃபிளாஷ்தான் வேண்டும். கடைக்காரர் இதைச் சொல்லாமல் விட்டுவிடக்கூடும் என்பதால், உங்கள் கேமராவைக் கையோடு எடுத்துப்போய் மாட்டி, எரியவிட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

பிலிம் காலத்துப் பழைய ஃபிளாஷ் வீட்டில் கிடந்தால் அதை அப்படியே டிஜிட்டல் கேமராவில் மாட்டிவிடாதீர்கள். அவற்றுள் சில, ஹாட் ஷூ வழியாக 200 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தத்தைச் செலுத்தக்கூடியவை. கேமராவின் உட்சுற்று அதைத் தாங்காது.

பேட்டரிக்கு, மறுமுறை மின்னேற்றக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை ஏஏ பேட்டரிகள் நான்கை ஒரே நேரத்தில் வாங்கி, அந்த நான்கையும் எப்போதும் ஒன்றாகவே பயன்படுத்துங்கள். சாதாரண ஆல்கலைன் பேட்டரிகளைவிட இவற்றில் ஃபிளாஷ் விரைவாக மறுபடி தயாராகும். பூனை கொட்டாவி விடுவதற்கும் ஃபிளாஷ் தயாராவதற்கும் இடையிலான போட்டியில் அந்த ஓரிரு வினாடிகள் பெரிய வேறுபாடு.

பூனைக்கு முன் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

பூனை இருக்கும் இடத்துக்கெல்லாம் ஃபிளாஷைத் தூக்கிக்கொண்டு ஓடினால் பூனைக்கும் அலுப்பு, நமக்கும் அலுப்பு. அது தானாக வந்து உட்காரும் இடங்களுள் வெள்ளைச் சுவருக்கு அருகில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்படி ஓர் இடம் இல்லையென்றால், ஒரு காலி அட்டைப்பெட்டியையோ மடித்த பழைய போர்வையையோ நமக்கு வேண்டிய இடத்தில் வைத்துவிட்டு இரண்டு நாள் காத்திருந்தால் போதும். இஸ்திரி போட்ட துணிகளை அடுக்கி வைத்தால் இரண்டு நிமிடத்தில் வந்துவிடும். அதன் விலையை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

சுவரின் நிறம் மிக முக்கியம். ஃபிளாஷ் ஒளி எந்தச் சுவரில் பட்டுத் திரும்புகிறதோ அந்தச் சுவரின் நிறத்தை ஏற்றுக்கொண்டு வந்து பூனையின்மேல் விழும். நம் வீடுகளில் பிஸ்தாப் பச்சையும் ரோஜா நிறமும் பூசிய அறைகள் நிறைய. அவற்றில் எடுத்தால் வெள்ளைப் பூனை பச்சைப் பூனையாகும். அத்தகைய அறையில், சுவரின்மேல் ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பைத் தொங்கவிடலாம். அல்லது ஒரு பெரிய தெர்மாகோல் அட்டையைச் சாய்த்து வைத்து, ஒளியை அதன்மேல் அடிக்கலாம். ஓட்டு வீட்டிலும் மரச் சட்டமிட்ட கூரையுள்ள வீட்டிலும் கூரையில் அடித்துப் பயனில்லை. ஓடும் மரமும் ஒளியை விழுங்கிவிடும். அங்கேயும் இதே தெர்மாகோல்தான் துணை.

வெள்ளையடித்த கான்கிரீட் தளம் இருக்கும்போது கூரையில் அடித்தாலென்ன என்று தோன்றலாம். அடிக்கலாம், ஆனால் இரண்டு இடையூறுகள் உண்டு. ஒளி நேர் மேலிருந்து விழும்போது பூனையின் நெற்றி வெளுத்து, கண்குழியும் தாடையும் இருண்டுவிடும். இரண்டாவது, மின்விசிறி. ஃபிளாஷ் ஒளி விசிறியின் இறக்கைகளில் பட்டால் ஒவ்வொரு படத்திலும் ஒளியின் அளவும் நிழலும் மாறும். படத்துக்குப் படம் வெளிச்சம் ஏன் ஏறி இறங்குகிறது என்று தெரியாமல் ஒரு மாலை முழுவதும் பேட்டரியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கச் சுவரில் அடித்தால் இவ்விரு தொல்லைகளும் இல்லை. கூடவே, சன்னலருகே உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் மெல்லிய நிழலுமாக ரோமத்தின் அடர்த்தி நன்றாகத் தெரியும்.

அளவுகளைப் பூனை இல்லாமலே சரிசெய்யுங்கள்

பூனையின் பொறுமை பத்து நிமிடம். அதை நம் சோதனைகளில் செலவழிக்கக் கூடாது. பூனையின் நிறத்தை ஒத்த ஒரு தலையணையையோ துணிப்பொம்மையையோ அந்த இடத்தில் வைத்துவிட்டு, எல்லா அளவுகளையும் முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

முதலில் கேமராவை மேனுவலுக்கு மாற்றுங்கள். ஷட்டர் வேகம் 1/200 வினாடி, அபெர்ச்சர் எஃப்/4, ஐஎஸ்ஓ 800, வெள்ளைச் சமநிலையில் ஃபிளாஷ் குறி. இப்போது ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள்; டியூப்லைட் எரிந்தாலும் படம் ஏறக்குறைய இருட்டாக வர வேண்டும். அப்படி வந்தால், அறையின் விளக்கு படத்தில் கலக்கவில்லை, இனி விழும் வெளிச்சம் முழுவதும் ஃபிளாஷுடையது என்று பொருள். மஞ்சள் பல்பு எரியும் அறையில் முகம் ஒரு நிறமாகவும் பின்னணி ஆரஞ்சாகவும் வருவதற்கு, இந்தச் சோதனையைத் தவிர்ப்பதே பெரும்பாலும் காரணம்.

ஷட்டர் வேகத்தை 1/200க்கு மேல் ஏற்றாதீர்கள். கேமராவில் ஷட்டர் என்பது ஒன்றன்பின் ஒன்றாக நகரும் இரண்டு திரைகள். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் போனால், ஃபிளாஷ் எரியும் கணத்தில் இரண்டாம் திரை படத்தின் ஒரு பகுதியை மறைத்திருக்கும், அங்கே கறுப்புப் பட்டை விழும். அந்த எல்லை கேமராவைப் பொறுத்து பெரும்பாலும் 1/160 முதல் 1/250 வரை இருக்கும்; உங்கள் கேமராவில் அது 1/160 என்றால் 1/200க்குப் பதில் அதையே வையுங்கள்.

அடுத்து ஃபிளாஷ். அதை மேனுவலில் 1/8 அளவுக்கு, அதாவது முழு ஒளியில் எட்டில் ஒரு பங்குக்கு, வையுங்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஃபிளாஷுக்கும் கைடு நம்பர் என்று ஒன்று உண்டு. ஐஎஸ்ஓ 100இல் அந்த எண்ணைத் தூரத்தால் வகுத்தால் வேண்டிய அபெர்ச்சர் கிடைக்கும். எடுத்துக்காட்டாக நிக்கான் எஸ்பி-700 ஃபிளாஷின் கைடு நம்பர், அதன் தலையின் ஜூம் 35 மி.மீ. நிலையில் இருக்கும்போது, 28. ஃபிளாஷிலிருந்து சுவருக்கு 1.5 மீட்டர், சுவரிலிருந்து பூனைக்கு 2 மீட்டர் என்றால் ஒளி நடக்கும் வழி 3.5 மீட்டர், 28ஐ 3.5ஆல் வகுத்தால் எஃப்/8. சுவரில் பட்டுச் சிதறுவதில் ஏறத்தாழ இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி பாதியாவது அல்லது இரட்டிப்பாவது) இழப்பு என்று கொண்டால், முழு அளவில் எரியும்போது எஃப்/4 கிடைக்கும். ஐஎஸ்ஓவை 100இலிருந்து 800க்கு ஏற்றுவது மூன்று ஸ்டாப்; அந்த மூன்றையும் ஃபிளாஷில் குறைத்துக்கொண்டால் 1/8. கணக்கு பிடிக்காதவர்கள் இதை மறந்துவிட்டு, படம் இருட்டாக இருந்தால் 1/4க்கு ஏற்றுங்கள், வெளுத்திருந்தால் 1/16க்கு இறக்குங்கள். கேமராவோடு வரும் 18–55 லென்ஸை 55இல் வைத்தால் எஃப்/5.6 தான் கிடைக்கும்; அதற்கு 1/4 தேவைப்படும்.

ஃபிளாஷின் தலையை உங்கள் தோளுக்குச் சற்றுப் பின்னால் உள்ள சுவர்ப்பகுதியை நோக்கி, கொஞ்சம் மேலாக நிமிர்த்தித் திருப்புங்கள். ஒளி சுவரின் எந்த இடத்தில் பெரிதாக விரிகிறதோ அந்த இடமே உங்கள் சன்னல். அந்தச் சன்னல் பூனையின் முன்பக்கவாட்டில் இருந்தால் கண்ணில் ஒளிப்புள்ளி விழும். தலைக்கு நேர் மேலே இருந்தால் விழாது. ஃபிளாஷின் ஓரத்திலிருந்து ஒளி நேராகப் பூனையின்மேல் கசிந்தால் சுவரொளியின் மென்மை கெட்டுவிடும். ஒரு கறுப்பு அட்டையை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, பூனை இருக்கும் பக்கமாக ஃபிளாஷின் தலையில் ரப்பர் பேண்டால் கட்டிவிட்டால் கசிவு நின்றுவிடும். விற்பனைக்கு வரும் வெள்ளைப் பிளாஸ்டிக் மூடிகளைவிட இந்த அட்டை எனக்கு அதிகம் பயன்பட்டிருக்கிறது.

கேமராவை நிமிர்த்திப் பிடித்து நெட்டுவாக்கில் எடுக்கும்போது ஃபிளாஷும் சேர்ந்து சாய்ந்து, வேறெங்கோ பார்க்கத் தொடங்கிவிடும். ஒவ்வொரு முறையும் தலையைத் திரும்பச் சுழற்றிக்கொள்வதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கண்ணைப் பற்றித் தனியாக

பூனைப் படத்தில் பார்ப்பவர் முதலில் போய் நிற்கும் இடம் கண்தான். பூனையின் விழித்திரைக்குப் பின்னால் டேப்பீட்டம் லூசிடம் என்ற, ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு. விழித்திரையைக் கடந்துபோன ஒளியை மறுபடி விழித்திரைக்கே அனுப்பி, மங்கிய வெளிச்சத்திலும் பூனை நன்றாகப் பார்க்க உதவுவது அது. லென்ஸுக்கு அருகிலிருந்து நேராக அடிக்கும் ஃபிளாஷ் அந்தப் படலத்தில் பட்டு, வந்த வழியே கேமராவுக்குத் திரும்புவதால்தான் கண் பச்சையாகவோ மஞ்சளாகவோ எரிகிறது. நீலக் கண்ணுள்ள சயாமியப் பூனைகளில் பெரும்பாலும் சிவப்பாக எரியும். ஒளி பக்கச் சுவரிலிருந்து வரும்போது, திரும்பும் ஒளி லென்ஸின் வழியில் வருவதில்லை. மென்பொருளில் கண்ணைத் திருத்தும் வேலையும் மிச்சம்.

இதைவிடக் குறைவாகப் பேசப்படும் ஒன்று கண்மணியின் அளவு. இருட்டில் பூனையின் கண்மணி விரிந்து ஏறத்தாழ முழுக் கண்ணையும் நிரப்பிவிடும். வெளிச்சத்தில் நெல்மணிபோல் நிமிர்ந்த கோடாகச் சுருங்கும். ஃபிளாஷ் எரிவது அவ்வளவு குறுகிய நேரம் என்பதால், அந்த ஒளிக்குக் கண்மணி சுருங்குவதற்குள் படம் முடிந்துவிடுகிறது. எனவே இருட்டறையில் ஃபிளாஷ் அடித்தால், பூனையின் பொன்னிறமோ பச்சையோ தெரியாமல் இரண்டு கறுப்பு வட்டங்கள்தாம் பதியும். தீர்வு எளிது: அறையில் உள்ள எல்லா விளக்குகளையும் எரியவிடுங்கள். நாம் வைத்த அளவுகளில் அந்த விளக்குகள் படத்தில் அநேகமாகப் பதியாது. கண்மணியைச் சுருக்குவதும் கேமரா குவியம் பிடிக்க உதவுவதும் மட்டுமே அவற்றின் வேலை.

குவியத்தை எப்போதும் கேமராவுக்கு அருகில் உள்ள கண்ணில் வையுங்கள். 2019க்குப் பிறகு வந்த பல மிரர்லெஸ் கேமராக்கள் விலங்கின் கண்ணைத் தாமாகவே கண்டுபிடிக்கும். அந்த வசதி இல்லாதவர்கள் ஒற்றைக் குவியப்புள்ளியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். 50 மி.மீ. லென்ஸில் எஃப்/1.8 வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் எடுத்தால், சிறு சென்சார் உள்ள கேமராவில் தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய 3 செ.மீ. மட்டுமே, கண் தெளிந்தால் மூக்கு கலங்கும். எஃப்/5.6 என்றால் 8 செ.மீ. வரை கிடைக்கும். கையில் ஃபிளாஷ் இருக்கும்போது அபெர்ச்சரை முழுவதும் திறந்து வைக்க அவசியமே இல்லை.

பூனையைப் பழக்குதல்

முதல் நாள் படம் எடுக்காதீர்கள். ஃபிளாஷைத் தரையில் வைத்து மோந்து பார்க்க விடுங்கள். பிறகு பூனை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அடுத்த அறைச் சுவரை நோக்கி 1/64 அளவில் இரண்டு முறை எரியவிடுங்கள். தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்து சாப்பிட்டால் நல்ல அறிகுறி. 60,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைக்கூடப் பூனை கேட்கும். ஃபிளாஷ் மின்னேறும்போது எழும் மெல்லிய ரீங்காரம் நமக்கு எட்டாவிட்டாலும் அதற்கு எட்டலாம். ஃபிளாஷின் பீப் ஒலியை அமைப்பில் போய் நிறுத்திவிடுங்கள். சத்தம் வேண்டாமென்று கேமராவை மின்னணு ஷட்டருக்கு மாற்றினால் பெரும்பாலான கேமராக்களில் ஃபிளாஷ் எரியவே எரியாது. ஃபிளாஷ் பழுதாகிவிட்டது என்று கடைக்கு ஓடுமுன் இதைப் பாருங்கள்.

படம் எடுக்கும்போது தரையில் படுத்து, கேமராவைப் பூனையின் கண்மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். வேகவைத்த கோழித் துணுக்கை லென்ஸுக்கு மேலே ஒரு கணம் காட்டினால் பார்வை வரும். நெத்திலிக் கருவாடு இன்னும் வேகமாக வேலை செய்யும், ஆனால் அதிலுள்ள உப்பு பூனைக்கு ஆகாது. காது பின்னால் மடிந்தாலோ, வால் நுனி படபடவென்று தரையில் அடித்தாலோ, அன்றைக்கு அவ்வளவுதான். குட்டிகள் பிறந்து ஏழு முதல் பதினான்கு நாட்களில்தான் கண் திறக்கின்றன; அவற்றை இன்னும் சில வாரங்களுக்குச் சன்னல் வெளிச்சத்தில் மட்டும் எடுங்கள். எந்த வயதுப் பூனையானாலும் ஃபிளாஷை அதன் முகத்தருகே நேராக எரியவிடக் கூடாது.

கறுப்பும் வெள்ளையும் ஓட்டமும்

டிடிஎல் முறையில் கறுப்புப் பூனை எப்போதும் வெளுத்து, பழைய குடைத்துணிபோல் சாம்பலாக வரும். வெள்ளைப் பூனை மங்கலாக வரும். எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று கேமரா நினைத்துக்கொள்வதே காரணம். கேமரா முடிவு செய்த ஒளியைக் கூட்டிக் குறைக்க உதவும் ஃபிளாஷ் ஈடுசெய்தலைக் கறுப்புக்கு −1, வெள்ளைக்கு +1 என்று வைத்துத் தொடங்குங்கள். மேனுவலில் இந்தக் குழப்பம் இல்லை; ஆனால் கறுப்பு ரோமம் ஒளியை விழுங்குவதால், பளபளப்பு தெரியும்படி சுவரொளியை இன்னும் பக்கவாட்டுக்கு நகர்த்த வேண்டும். கரிச்சானுக்கு நான் கண்ட வழி, வெளிர்நிறப் போர்வைமேல் உட்காரவைப்பதும், அதன் முதுகு ஓரத்தில் ஒளி வழுக்கிப்போகும்படி ஃபிளாஷைக் கூடுதலாகத் திருப்புவதும்தான்.

பூனை குதிக்கும்போது எடுக்க, ஷட்டர் வேகத்தைத் தொட வேண்டாம். அசைவை உறையவைப்பது ஃபிளாஷ் எரியும் நேரம். முழு அளவில் அது ஏறக்குறைய 1/300 வினாடி நீடிக்கும். அளவைக் குறைக்கக் குறைக்கச் சுருங்கி, மிகக் குறைந்த அளவில் சில ஃபிளாஷ்களில் 1/20,000 வினாடி வரை வந்துவிடும். ஆகவே ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றி, ஃபிளாஷை 1/32க்கு இறக்குங்கள். அறையின் விளக்கும் கலந்துவிடாமல் இருக்க, இந்த ஒரு முறை மட்டும் விளக்குகளில் பாதியை அணைத்துக்கொள்ளலாம். குறைந்த அளவில் ஃபிளாஷ் உடனுக்குடன் தயாராகும் என்பதால் அடுத்தடுத்து மூன்று நான்கு படங்களும் கிடைக்கும்.

இவையெல்லாம் கைவந்த பிறகு, 2.4 கிகாஹெர்ட்ஸ் வானொலி அலையில் இயங்கி, ஃபிளாஷைத் தூரத்திலிருந்தே எரியவைக்கும் ஒரு டிரிகர் வாங்கி, ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றித் தாங்கியில் நிறுத்தலாம். அப்போது தாங்கியின் காலில் ஐந்து கிலோ அரிசிப் பையைக் கட்டி வையுங்கள். தொங்கும் வார், நாடா எதுவானாலும் சுருட்டி ஒட்டிவிடுங்கள். ஆடுகிற நாடாவைப் பார்த்தால் பூனை எப்படியும் தாவும், தாங்கியும் அதோடு வரும்.